நாலாவது புள்ளி

கடைசித் தாளின் கடைசி வரியில் நான் இருந்தேன். "வண்ணம் தீட்டும் பணியில் நிறுவனரின் துணைவியாருடைய தங்கையும் உதவினார்."

நிறுவனர் என் அத்தான். துணைவியார் என் அக்கா. தங்கை நான். என்னிடம் வந்து சேர இரண்டு பேரைத் தாண்டி வரவேண்டியிருந்தது. அப்படி வந்தும் பெயர் வரவில்லை.

அக்கா மகன் தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பிவைத்துவிட்டு, நாங்கள் பாராட்டுவதற்காகக் காத்திருந்தான். அத்தான் இறந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய அச்சகத்தின் பழைய வாழ்த்து அட்டைகளை வைத்து அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடத்தப்போகிறார்கள். சுவரில் மாட்டுவதற்கான குறிப்புகள்தான் மேசையில் கிடந்தவை.

"எப்படி இருக்கு சித்தி?"

"யாரு எழுதினது?"

"விஷயம் எல்லாம் நான் சொன்னேன். எழுதறதுக்கு ஒரு ஆள் வச்சேன். நல்ல தமிழ், இல்ல?"

"நல்ல தமிழ்தான். உதவினார்னா என்னடா?"

அவன் சிரித்தான். "உதவினார்னா உதவினீங்க, சித்தி."

"அதான் உன்னையும் விட்டுடாம போட்டிருக்கானே," என்றாள் அக்கா. மகனைப் பற்றிய பெருமை அவள் குரலில் வழிந்தது. நான் எழுந்து, மேசையிலிருந்த காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். கழுவியவற்றையே மறுபடி கழுவினேன். கோபம் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். முதலில் கை வேலை செய்யும், அதற்குப் பிறகுதான் மனசுக்கு விஷயம் தெரியும். அன்றைக்குத் தண்ணீர்க் குழாயை மூடும்போதே தெரிந்துவிட்டது.

அந்த அட்டைகளை வரைந்தது நான். சிலவற்றை என்றோ, பெரும்பாலானவற்றை என்றோ சொல்லி அடக்கமாக இருக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாவற்றையும். பிறந்தநாள், திருமணம், புது வருடம், பரீட்சையில் தேறியவனுக்கு, உடம்பு சரியில்லாதவருக்கு, வெளியூர் போன அண்ணனுக்கு. பறவைகள், பூங்கொடிகள், கதவு திறந்தால் உள்ளே இன்னொரு கதவு தெரிகிற வீடுகள், ஜன்னல் வெட்டிய அட்டைகள், விரித்தால் எழுந்து நிற்கும் பூந்தொட்டி. அட்டையின் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத்தான் ஒவ்வொன்றையும் வரைவேன். அச்சில் சுருங்கும்போது பிரஷ் இழுத்த தடம் மறைந்து, கோடு கூர்மையாகிவிடும். எழுத்தைத் தனியாக ட்ரேஸிங் தாளில் எழுதி, படத்துக்கு மேல் ஒட்டித் தருவேன். தங்க நிறம் எங்கே வரவேண்டும், ஜிகினா எங்கே தூவவேண்டும், எந்த இடம் மேடாக எழும்பவேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பேன். கீழே அச்சகம், மேலே வீடு. சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்தால் அதுதான் என் பட்டறை. அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு முன் சாய பாட்டில்களை ஒதுக்கிவிட வேண்டும். கடுகு தாளிக்கிற எண்ணெய் தெறித்துப் போன படங்கள் உண்டு. தெறித்த இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியை உட்காரவைத்துவிடுவேன்.

அதற்கு முன்னால் எங்கள் பக்கம் விற்ற அட்டைகளில் பனி பெய்யும். ஊசியிலை மரம், புகைபோக்கி வைத்த வீடு, கம்பளித் தொப்பி போட்ட குழந்தை. எங்கள் ஊரில் ஒருவரும் பனியைத் தொட்டதில்லை, ஆனாலும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதைக் குறிப்பில் அழகாகவே எழுதியிருந்தார்கள். "அந்நியப் பனியை விலக்கி, நம் வெயிலை அட்டையில் கொண்டுவந்தவர் நிறுவனர்." வெயிலுக்கு மஞ்சளில் எவ்வளவு வெள்ளை கலக்க வேண்டும் என்று அத்தானைக் கேட்டிருந்தால், "உன் தங்கச்சியைக் கேளு" என்று அக்காவிடம் சொல்லியிருப்பார்.

அன்று மாலை, அக்கா மகன் போனபின், தாள்களை முதலிலிருந்து படித்தேன். "உதவினார்" டம்ளர் கழுவவைத்தது என்றால், நடுவில் இருந்த ஒரு தாள் என்னை உட்காரவிடாமல் செய்தது. அதன் தலைப்பு: "ஒற்றெழுத்தின் கலகம்."

எங்கள் அட்டைகளில் "வாழ்த்துக்கள்" என்று, நடுவில் ஒரு க் வைத்து அச்சாகியிருக்கும். இலக்கணப்படி அந்த க் வரக்கூடாது, "வாழ்த்துகள்" என்றே எழுதவேண்டும் என்பது தமிழாசிரியர்களின் வழக்கு. குறிப்பு சொன்னது: "இலக்கணத்தின் வேலிக்குள் அடங்காத ஓர் அச்சுக் கலைஞரின் துணிச்சலான மீறல் இது. அந்த மிகையான ஒற்று நிறுவனரின் கையொப்பமாகவே மாறியது."

நான் அந்த வரியைச் சத்தமாகப் படித்தேன். படிக்கும்போது சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் தாளைக் கவிழ்த்துவைத்தேன்.

அந்த க் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு பிறந்தநாள் அட்டை. மேலே ஒரு குருவி. கீழே வளைந்த கொடி. கொடியின் மேலேயே எழுத்துகள் ஏறி நடக்கிற மாதிரி வாழ்த்தை எழுதி, மெய்யெழுத்துகளின் புள்ளிகளைச் சிவப்புப் பழங்களாகப் போட்டேன். அச்சானபின் ஒவ்வொரு பழத்திலும் ஒரு சொட்டுக் கோந்து வைத்து ஜிகினா தூவுவதாக ஏற்பாடு. "வாழ்த்துகள்" என்று எழுதிப் பார்த்தால் பழங்கள் மூன்று. ழ்-க்கு ஒன்று, த்-க்கு ஒன்று, பிறகு து, க என்று இரண்டு மொட்டை எழுத்து, கடைசியில் ள்-க்கு ஒன்று. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கொடியை வளைத்துப் பார்த்தேன், குருவியை நகர்த்திப் பார்த்தேன். பிறகு க் போட்டேன். நாலாவது புள்ளி வந்து உட்கார்ந்ததும் கொடி நிமிர்ந்துகொண்டது. குருவி எதைப் பார்க்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இலக்கணம் எனக்குத் தெரியும். பள்ளியில் தமிழில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். தெரிந்துதான் போட்டேன்.

அட்டை வெளியான சில நாட்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். வருடக் கடைசி, கடைக்காரர்களும் ஏஜென்டுகளும் சரக்கு எடுக்க வந்து முன்னறை நிறைந்திருந்த நேரம். அவர் கையில் எங்கள் அட்டை, க்-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"வாழ்த்தோட சேர்த்துக் கள்ளும் விக்கிறீங்களா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது.

அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, மன்னிக்கணும். இது என் வேலை இல்ல. வீட்டுல என் மச்சினிச்சி ஒருத்தி இருக்கா. பொழுது போகலன்னு எழுதிக் குடுத்தா. பொம்பளைப் புள்ளைக்கு ஒற்று எங்க தெரியுது, சந்தி எங்க தெரியுது?" பிறகு மாடிப்படியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். கையில் சாயத்தோடு இறங்கிப் போனேன். "ஐயாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்க."

கேட்டேன். ஆசிரியர் நல்ல மனிதர். என் தலையைத் தொட்டு, "நல்லாப் படிக்கணும் குழந்தை" என்றார். எனக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது.

அந்த அட்டைகளை வரைபவள் நான் என்று, அந்தத் தொழிலில் இருந்தவர்கள் முன்னால் அத்தான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அடுத்த பருவத்தில் ஏஜென்டுகள் எல்லாரும், "அந்தப் பழம் வச்ச எழுத்துத்தான் போகுது, அதையே போடுங்க" என்று கேட்டபோது, யாரும் மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிடவில்லை. க் நிலைத்துவிட்டது. அது தப்பாக இருந்தவரை என்னுடையது. கலகமானதும் அவருடையது.

மறுநாள் காலை அக்கா அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தக் குறிப்பை மாத்தச் சொல்லு."

"எந்தக் குறிப்பை?"

"நான் உதவினேன்னு இருக்கே, அதை."

கத்தி நிற்கவில்லை. "உதவி பண்ணலையா நீ?"

"உன் கல்யாணத்துக்குச் சமையல்காரர் வந்தாரே. அவர் சமைச்சாரா, சமையலுக்கு உதவினாரா?"

"சமையல்காரரும் நீயும் ஒண்ணாடி? நீ வீட்டுப் பொண்ணு."

"அதனாலதான் கேக்கறேன்."

"இந்த வயசுல உனக்கு என்னடி பேரு? யார்கிட்டக் காட்டப் போறே? அவர் பேரு இருந்தா என்ன, உன் பேரு இருந்தா என்ன? எல்லாம் நம்ம வீடுதானே?"

"அப்ப என் பேரைப் போட்டுடு. நம்ம வீடுதானே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நாளா இதை உள்ள வச்சிருந்தே?" என்றாள். "அவர் இருந்தப்ப ஒரு வார்த்தை சொன்னியா? செத்துப் போன மனுஷன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லமாட்டார்னு தெரிஞ்சப்புறம் கேக்கறியே. உனக்குத் தாள் வாங்கிக் குடுத்தது யாரு, சாயம் வாங்கிக் குடுத்தது யாரு? கூரை யாருது?"

கூரை அவர்களுடையதுதான். இத்தனை வருடமும் அந்தக் கூரையை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்காமல் இருந்ததுதான் என் வாயை மூடியிருந்ததோ என்று, வெட்டிய காய்களைப் பார்த்தபடி யோசித்தேன். அத்தான் கெட்டவர் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு தாளை விரலால் தடவி, எந்த ஆலையில் வந்தது என்று சொல்வார். மெஷின்காரர் ஒரு மயிரிழை விலகி அடித்தாலும் கட்டு முழுவதையும் ஓரமாகத் தள்ளிவிடுவார். என் படம் மங்கலாக வந்தால் எனக்கு முன்னால் அவருக்குத்தான் வலிக்கும். எனக்கு அவரிடம் மரியாதை இருந்தது. இருக்கிறது. அதைக் காட்டித்தான் என்னை இத்தனை காலம் ஏமாற்றிக்கொண்டேன் என்பதும் இருக்கிறது.

"நம்ம" என்ற சொல்லைத்தான் அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தேன். தமிழில் எவ்வளவு வசதியான சொல். நம்ம அச்சகம், நம்ம அட்டை, நம்ம பேரு கெட்டுடக்கூடாது, நாளைக்குள்ள முடிச்சுக் குடுத்துடு. எதிரில் இருப்பவளையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும். வெளியார் யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் அதே வாயில் "எங்க" ஆகிவிடும். எங்க அச்சகம், எங்க அப்பா, எங்க அட்டை. எதிரில் இருப்பவள் இருந்த இடத்திலேயே இருப்பாள், ஆனால் சொல்லுக்கு வெளியே.

சாயங்காலம் அக்கா மகன் ஒரு பெட்டியோடு வந்தான். சமாதானம் பேச வந்தவன் கையோடு நெருப்பையும் கொண்டுவந்திருந்தான். பெட்டியில் புதிதாக அச்சடித்த அட்டைகள். என் குருவி, என் கொடி. பழைய அட்டைகளுக்கு இப்போது மவுசு வந்துவிட்டது, கண்காட்சி வாசலில் மறுபதிப்புகளை விற்கப் போகிறோம் என்றான். வலது கீழ் மூலையில், குருவியின் வாலுக்கு அடியில், அத்தானுடைய கையெழுத்து இருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"அப்பா கையெழுத்து, சித்தி."

"தெரியுது. அட்டைல இது இருந்ததே இல்லையே."

"பாஸ்போர்ட்லேருந்து எடுத்தோம். கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணிச் சேர்த்தோம். கலைஞர் கையெழுத்து இருந்தாத்தான் மதிப்பு."

நான் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வால் முடியும் இடத்தில் கொஞ்சம் காலி விடுவது என் வழக்கம், பார்ப்பவருக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்று. அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது கையெழுத்து. எல்லை தாண்டுவதற்காகப் போட்ட கையெழுத்து.

"கண்காட்சிக்கு ஒரிஜினல் வேணும்னு கேட்டியே," என்றேன்.

"ஆமா சித்தி. நாளைக்கு அருங்காட்சியகத்துலேருந்து அந்த அம்மா நேர்லயே வராங்க, எடுத்துட்டுப் போக."

அச்சகத்தை மூடியபோது நான் வரைந்த மூலப் படங்களையெல்லாம் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்து எடுத்து, ஒரு சூட்கேஸில் அடுக்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்தக் கண்காட்சி வரும்வரை அதை யாரும் கேட்டதில்லை.

"வரட்டும்," என்றேன்.

அருங்காட்சியகத்துப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். பருத்திக் கையுறை கொண்டுவந்திருந்தார். கையுறையைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் ஒரு நல்ல எண்ணம் வந்தது. சூட்கேஸை என் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அக்கா மகன், எதிரே அக்கா.

"குறிப்புல ஒரு தப்பு இருக்கு," என்றேன் அந்தப் பெண்ணிடம். "வரைஞ்சது நான்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அக்கா மகனைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதும், அவருக்கு யார் சொன்னால் விஷயம், யார் சொன்னால் வெறும் பேச்சு என்று நான் தெரிந்துகொள்ள.

"சித்தி நிறைய உழைச்சிருக்காங்க," என்றான் அவன். "ஆனா கற்பனை எல்லாம் அப்பாவுது. அப்பா சொல்லுவார், சித்தி போடுவாங்க."

"என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும் சித்தி? நான் அப்ப சின்னப் பையன்."

"அவர் சொல்றது இதுதான். குருவி ஒண்ணு, பூ நாலு, வெள்ளிக்கிழமைக்குள்ள."

அருங்காட்சியகத்துப் பெண்ணின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மேடம், எங்க முறைப்படி குடும்பம் எழுதிக் குடுக்கறதைத்தான் நாங்க போடுவோம்," என்றார்.

"நான் குடும்பம் இல்லையா?"

அக்கா மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"தகராறு இருந்தா வேற ஒரு வழி இருக்கு," என்றார் அந்தப் பெண், உதவி செய்கிற குரலில். "'ஓவியர் பெயர் தெரியவில்லை'ன்னு போடலாம். பழைய அட்டை நிறையத்துக்கு அப்படித்தான் போடறோம். யாரையும் புண்படுத்தாது."

"உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன்," என்றேன். "என்ன தெரியலன்னு கேளுங்க, சொல்றேன்."

"ஆதாரம்னு ஏதாவது?" என்று இழுத்தான் அக்கா மகன். "சும்மா ஒரு பேப்பர்ல இப்ப வரைஞ்சு காட்டினாக்கூட..."

"காட்டமாட்டேன். நான் சர்க்கஸ் குரங்கா? நான் வரைஞ்ச பரீட்சை அட்டையை நீ கூட்டாளிகளுக்கெல்லாம் குடுத்து, எங்க வீட்டுல அச்சடிச்சதுன்னு பீத்திக்கிட்டியே, அப்ப கேட்டியா ஆதாரம்?" என் குரல் உயரவில்லை. உயராதது எனக்கே ஆச்சரியம். "பேரு இல்லன்னா பெட்டி கட்டிலுக்கு அடிக்கே போகும். உங்க அப்பா கையெழுத்துப் போட்ட புது அட்டை வச்சிருக்கியே, அதை மாட்டிக்க சுவர்ல."

அவன் எழுந்துவிட்டான். "அம்மா, நீ சொல்லேன்."

அருங்காட்சியகத்துப் பெண்ணும் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்கதான் ரெண்டு பேரையும் பக்கத்துல இருந்து பார்த்தவங்க. யார் வரைஞ்சாங்க, அம்மா?"

வாசலில் ஒரு வண்டி நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குப் பழைய பயம் வந்துவிடும், அவள் அழுதால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்ற பயம்.

"வரைஞ்சது அவதான்," என்றாள் அக்கா. "எல்லாமே அவதான். இந்த மேசைலதான். நான் சாப்பாடு எடுத்து வைக்கவே இடம் இருக்காது." என்னைப் பார்க்காமல், அந்தப் பெண்ணிடமே கேட்டாள்: "அதைச் சொல்லிட்டா, அப்புறம் இவர் என்னத்தைத்தான் செஞ்சார்னு கேப்பாங்களே. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

இவ்வளவு காலம் அவள் காத்துவந்தது என்னவென்று எனக்கு அப்போது விளங்கியது. விளங்கியதால் என் கோபம் குறைந்தது என்று எழுதினால் அது பொய். இன்னும் அதிகமானது. தெரிந்தே செய்திருக்கிறாள். தன் கணவரின் வாழ்க்கை காலியாகத் தெரிந்துவிடக்கூடாது என்று, என் வாழ்க்கையை எடுத்து அதில் திணித்திருக்கிறாள். திணிப்பதற்கு என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை என்று அவளே நினைத்திருக்கிறாள். எங்கள் இருவரையுமே அவமானப்படுத்திவிட்டாள்.

"என்னத்தைச் செஞ்சாரா?" என்றேன். "எழுதிக்குங்க அம்மா. தாள் அவர் தேடினது. இன்னிக்கும் பாருங்க, ஒரு அட்டை மஞ்சளாகல. ஜன்னல் வெட்டற அச்சு, கதவு திறக்கற மடிப்பு, ரெண்டையும் தகரத்தை வளைச்சு வளைச்சு அவரே பண்ணினார். அவர் வெட்டாம இருந்திருந்தா என் கதவு படத்துல சாத்தியேதான் இருந்திருக்கும். எல்லாரும் பனி அட்டையை வித்துக்கிட்டு இருந்தப்ப, பொண்ணு ஒருத்தி வரைஞ்சதைப் போட்டு நஷ்டம் வந்தாலும் வரட்டும்னு நின்னார். அதை எழுதுங்க. அவர் செஞ்சதை அவர் பேர்ல, நான் செஞ்சதை என் பேர்ல. யாருக்கும் யாரும் உதவல."

"அந்த ஒற்றெழுத்து?" என்றார் அவர், பேனாவை எடுத்தபடி.

"அது என்னுது. கலகம் கிலகம்னு போடாதீங்க. பார்க்க நல்லா இருந்துது, போட்டேன்னு போடுங்க. தப்புன்னு அவர் என்னை மன்னிப்புக் கேக்க வச்சார்னும் போடுங்க."

"அதெல்லாம் எதுக்குடி சபையில?" என்றாள் அக்கா.

"சபையிலதான் கேட்டேன் மன்னிப்பு."

அருங்காட்சியகத்துப் பெண் எழுதினார். கடைசி விஷயத்தை எழுதுவதற்கு முன் மட்டும் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா மகன் தன் மறுபதிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான், கதவை இழுத்துச் சாத்திவிட்டு. நான் சூட்கேஸைத் திறந்தேன். கையுறைக்குள் அந்தப் பெண்ணின் விரல்கள், பென்சில் குறிகளைத் தொடாமல், ஓரத்தைப் பிடித்தே ஒவ்வொன்றையும் தூக்கின.

கண்காட்சி ஒரு முற்பகலில் திறந்தது. சுவரில் இரண்டு பெயர்கள் இருந்தன. மன்னிப்பு விஷயமும் இருந்தது, "அக்காலத்தில் சர்ச்சைக்குள்ளானது" என்று வழுவழுப்பாக்கியிருந்தார்கள். வாசலில் மறுபதிப்புகள் விற்றன. குருவியின் வாலுக்கடியில் ஒன்றும் இல்லை. அக்கா மகன் கையெழுத்தை எடுத்துவிட்டான், என் பெயரை அங்கே போடவில்லை. அது அடுத்த சண்டை.

அக்கா அத்தானுடைய குறிப்புக்குப் பக்கத்தில் நின்றாள். யார் வந்தாலும் தாளைப் பற்றிச் சொன்னாள், தகரத்தை வளைத்த கதையைச் சொன்னாள், அவர் விரலில் வெட்டுப்பட்டதைச் சொன்னாள். கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒரு இளம்பெண் என்னிடம் வந்து, "நீங்க அவங்க சொந்தமா?" என்று கேட்டாள். "நான் வரைஞ்சவ," என்றேன். சொன்னபிறகு, அந்த இரண்டு சொல்லையும் நான் அதுவரை சேர்த்துச் சொன்னதே இல்லை என்பது தோன்றியது. எனக்குக் கண் கலங்கவில்லை. இவ்வளவு சின்ன வாக்கியத்தை இத்தனை வயதில் சொல்லவைத்தவர்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது. அவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனாள். தட்டுகளை வைக்கும் சத்தம் கேட்டது. நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

"சந்தோஷமா இப்ப?" என்றாள், எட்டிப் பார்த்து.

"இல்ல."

"பின்ன?"

"கோவமா இருக்கேன்."

"யார் மேல?"

"உன் மேலதான்."

மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"சரி," என்றாள். "சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்க. ஆறிப் போகுது."

தட்டை என் முன்னால் வைத்தாள், தன்னுடையதை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டேன். கோபம் ஆறவில்லை.